நீலம் வேண்டாம் என்ற நீல லோகோ

எனக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, வயிறுதான் எரியும். போன வருஷம் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு பஸ்ஸில் திரும்பும்போது அப்படி எரிந்தது. இன்னும் அணையவில்லை.

திண்டிவனத்தில் ஜெர்சி பிரிண்ட் போடும் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் டிசைன் செய்து, காகிதத்தில் அச்செடுத்து, வெள்ளைத் துணிமேல் வைத்துச் சூட்டில் அழுத்தினால் நிறம் துணியில் ஏறிவிடும். அவ்வளவுதான் தொழில். கபடி, வாலிபால், கிரிக்கெட் டீம்கள் வருவார்கள். ஜெர்சி வேலை இல்லாத நாளில் கல்யாண பேனர், காதுகுத்து பேனர்.

எங்கள் பக்கத்தில் இந்தத் தொழில் செய்கிறவனுக்கு யாரும் எழுதிவைக்காத ஒரு சட்டம் உண்டு. நிறம் பார்த்துப் போட வேண்டும். காதுகுத்துதானே என்று கைக்கு வந்த இரண்டு நிறத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எங்களை எந்தக் கட்சி என்று நினைத்தாய் என்று தாய்மாமன் வந்து நிற்பார். நீலம் என்றால் இன்னும் மோசம். எங்கள் மாவட்டத்தில் நீலம் தலித் மக்களின் நிறம், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒருவர் தன் மகள் கல்யாண பேனரில் பின்னால் இருந்த வானத்தையே சாம்பலாக்கித் தரச் சொன்னார். வானம் என்னங்க ஜாதி என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. சரிங்க என்று மாற்றிக் கொடுத்தேன்.

நானும் தலித்துதான். கெடார் பக்கம் பிறந்து வளர்ந்தவன். கடைக்கு வருகிறவர்களுக்கு அது தெரியாது, நானும் சொல்லிக்கொண்டதில்லை. கடை போர்டு இலைப்பச்சையில் வெள்ளை எழுத்து. யார் கண்ணையும் உறுத்தாது.

ஆஸ்திரேலியாவிலிருந்து எனக்கு வேலை வருகிறது என்றால் யாரும் நம்புவதில்லை. என்னோடு ஐடிஐ படித்தவன் ஒருவன் அங்கே ஒரு சின்ன ஊரில் குடும்பத்தோடு இருக்கிறான். அந்த ஊர் ஃபுட்பால் கிளப்பின் சட்டைக்கு நான் டிசைன் மட்டும் செய்து அனுப்புவேன். அவர்கள் ஃபுட்பால் வேறு மாதிரி. பந்து முட்டை போல இருக்கும், கையாலும் குத்தலாம், சட்டைக்குக் கையே கிடையாது. அந்தச் சட்டைக்கு ஜம்பர் என்று பெயர். எங்கள் அம்மா ரவிக்கையைத்தான் ஜம்பர் என்பார்.

அந்தக் கிளப்புக்குப் பணம் கொடுக்கிறவர்களில் ஒருவர் கறிக்கடைக்காரர். அவர் லோகோ சிவப்பு. சிவப்பாகவே நெஞ்சில் வைத்து அனுப்பினேன். காசு கொடுப்பவன் நிறத்தில் கை வைக்கலாமா? டிசைன் திரும்பி வந்துவிட்டது. சிவப்பு பக்கத்து ஊர் டீமின் நிறமாம். இவர்கள் ஜம்பர் கறுப்பு வெள்ளைப் பட்டை, அதில் எவன் லோகோ வந்தாலும் கறுப்பாகவோ வெள்ளையாகவோதான் வர வேண்டுமாம். கறிக்கடைக்காரர் ஒத்துக்கொள்வாரா என்று போனில் கேட்டேன். “ஏன்டா ஒத்துக்க மாட்டாரு? அவரும் அந்த டீமுதானே” என்றான் நண்பன். கறிக்கடை வெள்ளையாகிவிட்டது. சனிக்கிழமை அவரே அதைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் நிற்கும் போட்டோவும் வந்தது. காசு கொடுத்தவர் டீமுக்காகத் தன் நிறத்தை விட்டுக்கொடுப்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அந்த மாதமே கிளியனூர் பக்கத்திலிருந்து மூன்று பெண்கள் கடைக்கு வந்தார்கள். ஃபுட்பால் டீம். கேப்டன் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண். அதற்கு முந்தைய வருஷப் போட்டியில் அவர்களுக்கு ஜெர்சி இல்லை. வீட்டில் கிடந்த இலவச டீ-ஷர்ட்டுகளைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். பாதிப் பேர் முதுகில் ஒரு சிமெண்ட் விளம்பரம். மைக்கில் பேசியவன் ஆட்டம் முழுக்க “சிமெண்ட் டீம், சிமெண்ட் டீம்” என்றே சொல்லி ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறான்.

“தோத்ததுகூட பரவால்லண்ணா. எங்க ஊர் பேரு ஒரு வாட்டிகூட மைக்ல வர்ல” என்றாள் கேப்டன்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். இந்த வருஷம் நெஞ்சில் ஊர்ப் பெயரோடு ஒரே மாதிரி ஜெர்சி போட்டுக்கொண்டு பதினோரு பேரும் இறங்க வேண்டும். நிறம் நீலம். அதைச் சொல்லும்போது என்னை நேராகப் பார்த்தாள். அவர்கள் குடியிருப்பில் கொடிக்கம்பத்திலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை நீலம்தான், வேறு நிறம் அவள் யோசித்ததே இல்லை. ஸ்பான்சரும் கிடைத்துவிட்டார் என்றாள். விழுப்புரத்தில் மனை போட்டு விற்கிறவர், அவர்கள் ஊர்ப் பக்கமும் புதிதாக மனை போடுகிறார்.

அவர் லோகோவைத் தெரியாதவர் கிடையாது. ரோட்டோரத்தில் சுவர் கிடைத்த இடமெல்லாம் நீலக் கூரை வீடு, மேலே நீலச் சூரியன். எனக்கு ஒரே சந்தோஷம். லோகோவும் நீலம், ஜெர்சியும் நீலம், கறிக்கடைக்காரருக்கு இருந்த சங்கடம்கூட இவருக்குக் கிடையாது. மாதிரிக்கு ஒரு ஜெர்சி அடித்து, மடித்து எடுத்துக்கொண்டு விழுப்புரம் போனேன்.

நன்றாகத்தான் நடத்தினார். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். ஜெர்சியை விரித்துப் பார்த்துவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. நீலம் வேணாம். மெரூன்ல போட்டுடுங்க.”

அவருடைய லோகோவே நீலம்தானே என்றேன். அது வேறு என்றார். அவர் சுவரில் இருந்தால் அது கம்பெனி நிறமாம். அந்தப் பெண்கள் உடம்பில் ஏறினால் அர்த்தம் வேறாகிவிடுமாம். நாளைக்கு மனை வாங்க வருகிறவன் இதை யார் இடம் என்று கேட்பானாம். பெரிய மனசோடு இன்னொன்றும் சொன்னார். அவர் லோகோவையும் மஞ்சளாக்கிக்கொள்ளலாம், அவருக்கு ஆட்சேபணை இல்லையாம்.

“நீங்களும் கடை வெச்சிக்கினு இருக்கீங்க. நம்ம மாதிரி ஆளுங்களுக்கு இதெல்லாம் சொல்லணுமா?” என்றார்.

நம்ம மாதிரி ஆளுங்க! எழுந்து, நான் உங்க மாதிரி ஆள் இல்லைங்க, அந்தப் புள்ளைங்க மாதிரி ஆள் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? சரிங்க என்றேன். ஜெர்சியை மடித்துப் பைக்குள் வைத்தேன். மிச்சம் இருந்த டீயையும் குடித்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில்தான் வயிறு பற்றிக்கொண்டது. விக்கிரவாண்டி தாண்டுகிறவரைக்கும் ரோட்டோரச் சுவரில் எல்லாம் அவருடைய நீல வீடு கூடவே வந்தது. அடப்பாவி, சுவருக்குப் பூசினால் நீலம் உனக்கு லட்சுமி, எங்கள் பெண்கள் போட்டால் தீட்டா? எங்கேயோ ஒரு கறிக்கடைக்காரர் டீமுக்காகத் தன் சிவப்பை விட்டார். இவரும் விட்டார், டீமின் வாடை தன்மேல் படக்கூடாது என்று விட்டார். தன் சொந்த நிறமே எங்கள் மேல் பட்டால் வேண்டாம் என்று ஒரு மனுஷன் டீ கொடுத்துச் சொல்கிறான், நான் தலையாட்டிவிட்டு வருகிறேன். சூடு சொரணை என்று ஒன்று இருந்தால் இப்படி வருவேனா?

கோபம் அவ்வளவு இருந்தும் கடைக்கு வந்து என்ன செய்தேன் தெரியுமா? மெரூன் டிசைனைச் செய்தேன். லோகோவை மஞ்சளாக்கினேன். சனிக்கிழமை அந்த மூன்று பெண்களும் வந்தபோது, மெரூன் வெயிலில் எடுப்பாகத் தெரியும் என்று பல்லிளித்துக்கொண்டு காட்டினேன்.

கேப்டன் திரையையே பார்த்தாள். யார் மாற்றச் சொன்னது என்று கேட்டாள். மறைக்க முடியவில்லை, நடந்ததைச் சொன்னேன். கூட வந்த இரண்டு பெண்களும் போட்டிக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது என்று மெதுவாக இழுத்தார்கள். அவள் கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

“லோகோ வேணாண்ணா. நீலம் வேணும்” என்றாள்.

ஸ்பான்சர் இல்லாமல் எப்படி என்று கேட்டேன். கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்க ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், டீமே கூலிக்குப் போகும் என்றாள். நான் சும்மாவே அடித்துத் தருகிறேன் என்று சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். ஒரு வாரமும் பதினோரு பேரும் விடிகாலையில் காட்டுக்குப் போய்விட்டு, சாயங்காலம் ஆடிப் பழகினார்கள். நான் என் பங்குக்கு ஒரு காரியம் செய்தேன். மனைக்காரர் அனுப்பியிருந்த லோகோவிலிருந்தே அந்த நீலத்தை எடுத்து, அதே நீலத்தில் பதினோரு ஜெர்சியும் அடித்தேன். நெஞ்சில் ஊர்ப் பெயர் மட்டும், ஒரு சாண் உயரத்துக்கு. மைக்கில் பேசுகிறவன் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும்.

போட்டிக்கு முதல் நாள் வந்து எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தாள். ஒன்றை எடுத்து உடம்போடு வைத்துக் கண்ணாடியில் பார்த்தபோது அவள் முகம் மலர்ந்ததே, அதற்காகவே இந்தத் தொழில் செய்யலாம். எனக்கும் தெம்பு வந்துவிட்டது. மனைக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். எவ்வளவு பயம் பார், ஒரு நிறத்துக்கு இப்படியா ஒரு மனுஷன் நடுங்குவான் என்றேன். நானும் கெடார் பக்கத்துக் காலனிதான் என்று அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கினாள். நின்று, நிமிர்ந்து கடை போர்டைப் பார்த்தாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“எங்கள மாத்திக்கச் சொல்லி அவரு சொன்னாரு. உங்களுக்கு யாருண்ணா சொன்னாங்க?”

யாரும் சொல்லவில்லை. கடை திறப்பதற்கு முந்தின வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, போர்டுக்குப் போட்டிருந்த நீலத்தை அழித்துவிட்டுப் பச்சை போட்டது நான்தான்.