சர்க்கரை போட்ட சாத்துக்குடி ஜூஸ்

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். மதுரை வில்லாபுரத்தில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். வேதாகமத்தை இன்டர்நெட்டில் படித்துச் சான்றிதழ் வாங்கியே தீருவேன் என்று நான் கிளம்பியது அந்த வருஷம்தான். அதில் பட்ட எரிச்சல் இருக்கிறதே, இன்று நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

எங்கள் சபையில் வியாழக்கிழமைதோறும் பெண்களுக்கு வேதபாட வகுப்பு உண்டு. அதை நடத்திவந்த டீச்சர் மகளோடு சென்னைக்குப் போய்விட்டார். நான் நடத்துகிறேன் என்று கை தூக்கினேன். ஞாயிறு பள்ளியில் வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். ஆனால் கமிட்டியில் ஒருவர், என் காதில் விழட்டும் என்றே, "தையக்கார அம்மாதான? வேதத்துல அது என்ன படிச்சிருக்கு?" என்றார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

எங்கள் போதகர் நல்ல மனுஷன். யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். அதுதான் அவரிடம் சிக்கலும். "ஏதாச்சும் ஒரு சான்றிதழ் இருந்தா நான் பேசிருவேம்மா. அறுப்பின் பண்டிகை அன்னைக்குப் புதுப் பொறுப்பெல்லாம் அறிவிக்கணும், அதுக்குள்ள முடிச்சிருங்க" என்றார். வீட்டையும் மெஷினையும் விட்டுவிட்டு விடுதியில் தங்கிப் படிக்க என்னால் முடியுமா? யாரோ சொன்னார்கள், இப்போதெல்லாம் கம்ப்யூட்டரிலேயே ஊழியப் படிப்பு படிக்கலாம், தமிழிலும் உண்டு என்று. "பிஷப்பு ஆகப் போறியாக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். ஆமா, ஆகத்தான் போறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

தமிழில் அடிக்கத் தெரிந்த பிரவுசிங் சென்டர் என்று விசாரித்தால் சிம்மக்கல்லில் ஒன்றைக் கைகாட்டினார்கள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ் எல்லாம் தமிழில் அடித்துக் கொடுக்கும் கடை, கூடவே நாலு கம்ப்யூட்டர். நடத்தியவர் ஒரு சௌராஷ்டிரக்காரர். போனில் வீட்டாரோடு அவர்கள் பாஷையில் சரளமாகச் சண்டை போட்டுவிட்டு, அடுத்த நொடி என் பக்கம் திரும்பி, "சொல்லுங்கக்கா, தீர்க்கதரிசி எதுல விட்டோம்?" என்பார். நான் சொல்லச் சொல்ல அவர் அடிப்பார். இப்படி என் வீட்டுப்பாடங்களை அடித்து அடித்தே மனிதருக்குப் பாதி வேதாகமம் பாடமாகிவிட்டது. "இந்தத் தீர்க்கதரிசிங்க அம்புட்டுப் பேருக்கும் கோவம் ஜாஸ்தி போலக்கா, உங்கள மாதிரியே" என்பார்.

கோபம் வராமல் என்ன செய்யும்? பாடத்தைத் திறந்தால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். அதற்குத் தனியாக ஒரு எழுத்துரு இறக்க வேண்டும், அது இறங்க அரைநாள். ஐம்பது கேள்விக்கு நாற்பத்தெட்டு போட்டு முடித்திருப்பேன், கரண்ட் போய்விடும். வந்து பார்த்தால் முதல் கேள்வியிலிருந்து ஆரம்பி என்று சொல்லும். ஒரு நாள் அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்து, "உனக்கெல்லாம் ரட்சிப்பே கெடையாது" என்று நான் கத்த, பக்கத்தில் ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டார்.

இப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாப் பாடமும் முடித்தேன். கடைசியாக ஒன்றே ஒன்று பாக்கி. அது படிப்பு இல்லை, செய்முறை. நோயாளி ஒருவரை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். வந்து அறிக்கை எழுத வேண்டும். அறிக்கையில் இரண்டு கட்டம்: 'அவர் சொன்னது', 'நீங்கள் சொன்னது'.

யாரைப் பார்ப்பது என்பதில் குழப்பமே இல்லை. எங்கள் சபையில் டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற நாலைந்து வருஷம் இருக்கும்போதே அவருக்கு ஒரு கால் போய்விட்டது. பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்றும், அலங்காநல்லூரில் தங்கச்சி வீட்டில் இருக்கிறார் என்றும் கேள்வி. பஸ் படியில் விழுந்திருப்பார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். வாய் கொஞ்சம் அதிகம் உள்ளவர். சபைக் கூட்டத்தில் சண்டை இழுக்காமல் இருக்க மாட்டார். அதனாலோ என்னவோ, எட்டு மாதமாக எல்லோரும் "போய்ப் பாக்கணும், போய்ப் பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தோமே தவிர ஒருவரும் பஸ் ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை போவதாக இருந்தேன். அன்று காலையில்தான் அந்தப் பாழாய்ப்போன இணையதளம் நான் முன்பே எழுதிய இரண்டு தேர்வுகளைக் காணோம் என்றது. மறுபடி எழுதி முடிக்கும்போது சாயங்காலம். புதன், வியாழன் ஒரு கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகள் கழுத்தை நெரித்தன. வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை போய்ச் சேராவிட்டால் பண்டிகைக்குள் சான்றிதழ் கிடையாது. அந்தக் கமிட்டிக்காரர் முகம் கண்முன்னே வந்து நின்றது.

வெள்ளிக்கிழமை சிம்மக்கல்லில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். "செவ்வாய்க்கிழமை காலை அலங்காநல்லூர் சென்று சகோதரரைச் சந்தித்தேன்..."

அடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "அக்கா, செவ்வாக்கெழம பூரா இந்தச் சேர்லதானக்கா உக்காந்திருந்தீங்க?"

"அண்ணே, நீங்க டைப் மட்டும் அடிங்க."

அவர் தலையைச் சொறிந்துவிட்டு அடித்தார். எனக்கு ஏறுவெயில் மாதிரி உற்சாகம் ஏறிக்கொண்டே போனது. போகும்போது சாத்துக்குடி வாங்கிப் போனேன் என்றேன். நானே பிழிந்து, சர்க்கரை போட்டு, ஜூஸ் கொடுத்தேன் என்றேன். 'நீங்கள் சொன்னது' என்ற கட்டத்தில் முக்கால் பக்கம் போதனை. 'அவர் சொன்னது' என்ற கட்டத்தில் ஒரே வரி: 'கண்ணீரோடு நன்றி சொன்னார்.' முகம் தெரியாத எங்கள் ஆசிரியர் மறுநாளே தொண்ணூற்றிரண்டு மதிப்பெண் போட்டு, 'மனதைத் தொட்டது' என்று எழுதியிருந்தார். சான்றிதழையும் அறிக்கையையும் பிரிண்ட் எடுத்து, நேராகக் கொண்டுபோய்ப் போதகர் கையில் கொடுத்தேன். எனக்குத் திமிர். சும்மா சான்றிதழ் மட்டும் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பேன்.

அறுப்பின் பண்டிகை அன்று கோயில் நிறைய ஆள். பீடத்துக்கு முன்னால் காணிக்கையாக வந்த வாழைத்தார், பூசணி, கரும்பு, கால் கட்டின சேவல். பிரசங்கம், நோயாளிகளை விசாரிப்பதைப் பற்றி. பாதியில் போதகர் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்தார். என் அறிக்கை! சாத்துக்குடி, சர்க்கரை, முக்கால் பக்கப் போதனை, கண்ணீர், எல்லாவற்றையும் குரலை ஏற்றி இறக்கி வாசித்தார். கமிட்டிக்காரர் திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்போது பின்வரிசையில் யாரோ, "ஐயா, கண்டக்டர் வந்திருக்காரே!" என்றார்கள்.

திரும்பினேன். கடைசி பெஞ்சில், தூணை ஒட்டி, இரண்டு ஊன்றுகோலையும் மடியில் படுக்க வைத்து உட்கார்ந்திருந்தார். பண்டிகை என்று தங்கச்சி மகனின் லோடு ஆட்டோவில் ஏறி வந்துவிட்டாராம். பாதிக்குப் பாதி இளைத்திருந்தார்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. நன்மை பெற்றவர் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சாட்சி சொல்ல வேண்டும். போதகர் முகமெல்லாம் சிரிப்பாக, "அடடே கண்டக்டரே! நம்ம சகோதரி வந்தது எப்படி இருந்துச்சுன்னு ஒரு வார்த்த சாட்சி சொல்லுங்க" என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. சபைக் கூட்டத்தில் கால் காசு பெறாத விஷயத்துக்கே நாலு பேரைக் கிழிக்கிற மனுஷன். அவர் ஊன்றுகோலை ஊன்றி எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் என் புடவை முதுகோடு ஒட்டிவிட்டது. நின்று, ஒரு தடவை என்னைப் பார்த்தார்.

"வந்துச்சுங்கய்யா. ரொம்ப நேரம் உக்காந்திருந்துச்சு. ஜூஸு நல்லா இனிப்பா இருந்துச்சு." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

"ஸ்தோத்திரம்" என்றது சபை. வியாழக்கிழமை வகுப்பு இனி என் பொறுப்பு என்று அறிவித்தார்கள். கை தட்டினார்கள்.

ஆராதனை முடிந்து வெளியே காணிக்கைப் பொருள்களின் ஏலம் ஆரம்பித்தது. சேவலுக்கு ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் போகாமல் ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தேன். கால் தானாக அங்கே போனது.

"ஏம்மா," என்றார், ஏலத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எத்தன சாத்துக்குடி வாங்குன?"

"அண்ணே..."

"இல்ல, எழுதும்போது எத்தனன்னு நெனச்சு எழுதுன? ஆறு இருக்குமா? அம்புட்டையும் பிழிஞ்சு, பத்தாததுக்குச் சீனியவும் போட்டு..." தன் மடக்கித் தைத்த பேன்ட்டைத் தட்டிக் காட்டினார். "சுகருல போன காலும்மா இது. வெரல்ல ஆரம்பிச்சுச்சு. இன்னொரு கால வச்சுக்கிட்டு வாயக் கட்டி ஒக்காந்திருக்கேன். நீ என்னடான்னா அதையும் வாங்கிட்டுப் போகப் பாத்திருக்கியே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொன்னது கூட அப்புறம். அந்தச் சர்க்கரையைப் பற்றி வாசித்தபோது கோயில் நிறைய ஆள் இருந்தார்களே, ஒருவர் கூடச் சிரிக்கவில்லை, ஒருவர் கூட முகம் சுளிக்கவில்லை. ஒருவருக்கும் தெரியாது! எட்டு மாதமாக வாரா வாரம் அவர் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணிய சபை, வாசித்த போதகர் உட்பட. அது அவருக்கும் அங்கே உட்கார்ந்திருந்தபோது புரிந்திருக்கும். அந்த நினைப்பில் அழுதேவிட்டேன்.

"ஏண்ணே என்னையக் காட்டிக் குடுக்கல?" என்றேன்.

"முப்பது வருசமா கண்டக்டரு. டிக்கெட் எடுக்காத மூஞ்சி எனக்குத் தெரியாதா? அதுக்காக நடுரோட்டுல பொம்பளையாள எறக்கி விட்டதில்ல. அடுத்த ஸ்டாப்பு வரட்டும்னு சும்மா இருப்பேன்." அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். "இந்தா, ஸ்டாப்பு வந்துருச்சு. எறங்கிக்க."

செவ்வாய்க்கிழமை அலங்காநல்லூர் பஸ் ஏறினேன், ரெண்டு வெள்ளரிக்காயோடு. ஒரு மணி நேரம் அல்ல, மூன்று மணி நேரம் பேசினார். எல்லாம் திட்டுதான். கட்டுப்போட வந்த நர்ஸைத் திட்டினார், பென்ஷன் பேப்பரை இழுத்தடித்த கிளார்க்கைத் திட்டினார், சபையைத் திட்டினார், என்னை இரண்டு முறை திட்டினார். இல்லாத காலில் இன்னும் கட்டைவிரல் அரிக்கிறது, சொறியக் கையைக் கொண்டுபோனால் பாய்தான் இருக்கிறது என்று சொன்னபோது மட்டும் குரல் இறங்கியது. போதனை எதுவும் என் வாயில் வரவில்லை. நல்லவேளை.

மறுநாள் சிம்மக்கல். முந்தின அறிக்கை பொய், மதிப்பெண்ணை எடுத்துவிடுங்கள், இதுதான் நிஜம் என்று சொல்லச் சொல்ல, பிரவுசிங் சென்டர்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் அடித்தார். இந்த முறை 'அவர் சொன்னது' இரண்டு பக்கம் போனது. 'நீங்கள் சொன்னது' கட்டத்துக்கு வந்ததும் நான் யோசித்தேன். "என்னக்கா அடிக்க?" என்றார். "மன்னிச்சிருங்கண்ணேன்னு அடிங்க" என்றேன். அதோடு கட்டம் முடிந்தது. அனுப்பிவிட்டு, "இந்தத் தீர்க்கதரிசிக்குக் கோவம் கொறஞ்சுருச்சு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கல்யாணப் பத்திரிகைக்குத் திரும்பினார்.

சான்றிதழ் ரத்தாகிவிட்டது. கடைசிப் பகுதி முழுவதையும் திரும்பப் படிக்கச் சொல்லிவிட்டார்கள். மறுபடி அதே கட்டம் கட்டமான எழுத்து, அதே கரண்ட், அதே நாற்பத்தெட்டாவது கேள்வி! போதகரிடமும் போய்ச் சொன்னேன். "அவருக்குச் சுகருன்னு எனக்கும் தெரியாதேம்மா" என்றார். அந்த வாரமே அலங்காநல்லூர் போனார் என்று கேள்விப்பட்டேன். வியாழக்கிழமை வகுப்பு அந்த வருஷம் வேறொருவருக்குப் போயிற்று. கமிட்டிக்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை. அடுத்த வருஷம் வகுப்பு எனக்கு வந்தபோது, சந்தோஷத்தை விடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

கம்ப்யூட்டர் மேலும் கரண்ட் மேலும் கமிட்டிக்காரர் மேலும் நான் காட்டிய கோபமெல்லாம் என்றோ ஆறிவிட்டது. அந்தச் சாத்துக்குடி ஜூஸுக்குச் சர்க்கரை போட்ட கை மேல்தான் இன்னும் ஆறவில்லை, அதனால் இன்றும் யாருக்காகவாவது ஜெபிக்கக் கண்ணை மூடும்முன், இவருக்குச் சுகர் உண்டா இல்லையா என்றாவது எனக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொள்கிறேன், தெரியாவிட்டால் ஜெபத்தை அப்புறம் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்கிறேன்.