சர்க்கரை கரைத்த ஸ்பிரிட்

விலங்கியல் படித்துவிட்டு நெய்வேலி டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராகச் சேர்ந்த புதிது. சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த காலம். பக்கத்து மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருந்த கான்ட்ராக்ட் ஆட்கள் கள்ளச்சாராயம் குடிக்கிறார்கள் என்று டவுன்ஷிப்பில் பலருக்கும் கவலை. அப்படிக் கவலைப்பட்டவர்களில் சிலர் மது குடிக்க சர்க்காரிடம் பர்மிட் வாங்கி வைத்துக்கொண்டு குவார்ட்டர்ஸில் குடித்தார்கள். அதை யாரும் பேசுவதில்லை.

மதுவிலக்குப் பிரசாரத்துக்காக எங்கள் பள்ளியில் ஒரு கண்காட்சி ஏற்பாடாயிற்று. அதற்காகச் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வெள்ளை எலிகளோடு வந்தார். கூண்டுக்கு ஓர் எலி. ஒவ்வொரு கூண்டிலும் கவிழ்த்துக் கட்டிய இரண்டு பாட்டில்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் ஸ்பிரிட் கலந்த தண்ணீர். ருசி கண்ட எலி யாரும் தூண்டாமலே போதையைத் தேடித் திரும்பத் திரும்பப் போகும், அதை ஜனங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். கண்காட்சி வரை எலிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது.

எலிகள் ஸ்பிரிட்டை முகர்ந்தன. ஒரு நக்கு நக்கிவிட்டு, மூஞ்சியைத் தேய்த்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டன. எத்தனை நாள் வைத்துப் பார்த்தும் அதே கதைதான். நான் அதைச் சொன்னதும் பேராசிரியர் தண்ணீர் பாட்டில்களைக் கழற்றினார். இந்த வெயிலில் தாங்காது என்றேன். அவர் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுபடி திறந்தபோது ஒரு பெண் எலி செத்துக் கிடந்தது. மற்றவை தாகம் பொறுக்காமல் ஸ்பிரிட்டைக் குடித்திருந்தன.

"பார்த்தீங்களா, பழகிடுச்சு" என்றார்.

பழகவெல்லாம் இல்லை. தண்ணீரைத் திரும்ப வைத்ததும் அதற்கே ஓடின. அதன் பிறகுதான் அவர் ஸ்பிரிட்டில் சர்க்கரையை அள்ளிக் கரைத்தார். அப்போது எலிகள் ஆசையாகக் குடித்தன.

கண்காட்சியன்று ஹால் நிறையக் கூட்டம். எலிகள் ஸ்பிரிட் பாட்டிலை விட்டு நகரவில்லை. சர்க்கரையைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. சில பிராணிகளுக்குப் போதை ரத்தத்திலேயே இருக்கிறது, பக்கத்தில் நல்ல தண்ணீர் இருந்தாலும் இதைத்தான் தேடும், கூலி ஜனங்களும் அப்படித்தான் என்றார். என் பக்கத்தில், சுரங்கத்தில் மண் சுமக்கும் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள்.

"எங்க வூட்டுக்காரரப் போல ஆளுங்களத்தான் சொல்லிகினு இருக்காருங்களா டீச்சர்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

 எழுந்து, "சார், அந்த ஸ்பிரிட்ல சர்க்கரை இருக்கு. தண்ணியிலயும் சர்க்கரை போட்டு வச்சுப் பார்க்கலாம்" என்றேன். சோதனை முடிந்துவிட்டது என்றார். நான் காத்திருக்கவில்லை. டீச்சர்கள் அறையிலிருந்து சர்க்கரையைக் கொண்டுவந்து தண்ணீர் பாட்டில்களில் கரைத்து மாட்டினேன். எலிகள் இரண்டு பக்கமும் நக்கிப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக ஸ்பிரிட்டை விட்டு வந்தன. ஒன்று மட்டும் வரவில்லை. அவர் அந்த ஒன்றைக் காட்டித் தன் பேச்சைத் தொடர்ந்தார். டீச்சருக்கு எலி மேல் பாசம் என்று ஒரு கேலி வேறு. முன்வரிசை சிரித்தது.

விருந்தாளியை அவமானப்படுத்திவிட்டதாக ஹெட்மாஸ்டர் என்னைக் கடிந்துகொண்டார். பொய் சொன்னது அவர்தானே என்று கேட்டேன். அடுத்த வருஷம் என் பொறுப்பில் இருந்த லேப் வேறொருவர் கைக்குப் போனது, எனக்குக் கீழ் வகுப்புகளைக் கொடுத்தார்கள். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. எலிகளைக் குளோரோபாம் வைத்துக் கொன்றுவிடச் சொல்லிவிட்டுப் பேராசிரியர் ஊர் போய்ச் சேர்ந்தார். நான் அவற்றைக் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோய்ப் பெரிய மரப்பெட்டியில் ஒன்றாக விட்டேன். ஸ்பிரிட்டை விடாமல் இருந்த அந்த ஒன்றும் அங்கே மற்றவற்றோடு தண்ணீர் குடித்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தது.

என்னால் இன்றும் பொறுக்க முடியாதது வேறொன்று. அந்தப் பெண்ணுக்கு வேலை கொடுத்த கான்ட்ராக்டர், கண்காட்சியன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர். மறுவாரமே ஷிப்டுக்கு வந்த ஆட்களை வரிசையில் நிறுத்தி சாராய வாடை அடிக்கிறதா என்று பார்க்க ஒவ்வொருவராக வாயை ஊதச் சொன்னார். அதே வழியாகத்தான் பர்மிட் வைத்திருந்த ஆபீசர்களும் வேலைக்குப் போனார்கள். அவர்களை யாரும் ஊதச் சொல்லவில்லை.