ஒன்பது எல்ம் மரங்கள்

2009 மாசியில் தங்கை லண்டனுக்கு எனக்குப் போன் எடுத்தாள். வன்னியில் சண்டை நெருங்க நெருங்க ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தாள். கிளிநொச்சியில் தொடங்கிய ஓட்டம்.

“இப்ப இரணைப்பாலையிலை இருக்கிறம். பயப்பிடாதேங்கோ அண்ணை,” என்றாள்.

நொச்சி மரத்தின் ஊரை விட்டுப் பாலை மரத்தின் ஊருக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். என் புத்தி அப்படித்தான். பயம் வந்தால் கண்டதையும் யோசிக்கும்.

அவள் உயிரோடு வர வேண்டுமென்று நேர்த்தி வைத்து, மஞ்சள் துணியில் காசு முடிந்தேன். ஊரில் என்றால் கோயில் மரத்தில் கட்டலாம். நான் இருக்கும் செவன் கிங்ஸில் எந்த மரத்தில் கட்டுவது? லண்டனில் ‘நைன் எல்ம்ஸ்’ என்று ஓர் இடம் இருப்பது தெரியும். ஒன்பது எல்ம் மரங்கள், நவக்கிரகக் கணக்கும் சரி. பெயரில் மரம் இருந்தால் ஊரிலும் இருக்கும் என்று நம்பி, லீவு போட்டுவிட்டுப் போனேன்.

நட்டநடுப் பகல். இறங்கிய இடத்தில் கொட்டகைகள், நீண்ட மதில், லொறிகள். ஒரு எல்ம் மரமும் இல்லை. வாசலில் நின்ற காவலாளியிடம் ஒன்பது மரங்களும் எங்கே என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதுவே எனக்கு என்னவோ போலிருந்தது.

அவை எப்போதோ போய்விட்டன, தான் கண்டதே இல்லை என்றார். தன்னுடைய குடும்பப் பெயரும் ஒரு மரம்தான், ஆஷ் என்றார். எந்தக் காலத்திலோ ஆஷ் மரத்தடியில் குடியிருந்த ஒருவரை ஊரார் அப்படி அழைத்திருக்க வேண்டுமாம்.

“அந்த மரமும் இல்லை, அந்த மனிதரும் இல்லை. பெயர் மட்டும் என்னிடம் வந்து நிற்கிறது,” என்றார்.

துணியை எதிலும் கட்டாமல் பஸ் ஏறினேன். பதிவுசெய்த பெண்குரல் ஒன்று ‘நைன் எல்ம்ஸ்’ என்று அறிவித்தது. இல்லாத மரங்களை அவ்வளவு அமைதியாக அது கூப்பிட்டது.

சித்திரையில் தங்கை மீண்டும் எடுத்தாள். “முள்ளிவாய்க்காலுக்கு வந்திட்டம். இனிப் போக இடமில்லை அண்ணை. அங்காலை கடல்தான்.”

அதற்குப் பிறகு போன் வரவில்லை. வைகாசியில் சண்டை முடிந்தது. அவள் இருக்கிறாள் என்றும் யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மஞ்சள் துணி அவிழ்க்கப்படாமல் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமைகளில் விம்பிள்டனில் கோயிலுக்குப் போகிறேன். உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் அர்ச்சனை செய்வார்கள். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். நான் அவளுடையதைச் சொல்வேன். சந்நிதியில் அவர் அந்தப் பெயரை உரக்கச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கேட்பது பஸ்ஸில் கேட்ட அந்தக் குரல்தான்.