கேட்க வந்தது வேறு

பேருந்து நிலையத்தில் 'விசாரணை' என்று பலகை மாட்டிய ஜன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தால் யாருக்கும் ஒரு வியாதி வந்துவிடும். அங்கே உட்கார்ந்திருந்த நம்மவருக்கும் வந்திருந்தது: எதிரில் நிற்பவர் வாயைத் திறந்ததுமே இவருக்குப் பதில் வந்துவிடும். "சார், மலைக்குப் போற..." என்பதற்குள், "நாலாம் நம்பர், பத்தே கால், அடுத்து யாரு?" என்பார். கேட்டவர் மலை பஸ்ஸில் தொலைத்த பையைத் தேடி வந்தவராகவும் இருக்கலாம். அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள், வரிசை நீளம். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு விசாரணை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அக்கா மட்டும்தான் தம்பி என்பாள்.

அம்மா போன பிறகு அவரை வளர்த்து ஆளாக்கியவள் அந்த அக்காதான். சீருடை தைக்கும் கம்பெனிக்குக் காலர் தைத்துத் தைத்தே அவரைப் படிக்க வைத்தாள். அவளுக்கு ஒரே பெண். பத்தொன்பது வயதில் ரத்தத்தில் வந்த நோய் ஏழே மாதத்தில் அந்தப் பெண்ணைக் கொண்டுபோய்விட்டது. சபையே உபவாசமிருந்து ஜெபித்தும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு ஆலயத்துக்கு வந்தாலும் அக்கா பாடுவதில்லை, ஜெபிப்பதில்லை. "உங்கக்கா விசுவாசத்துல பின்வாங்கிட்டாங்க போல" என்று நாலு பேர் அவர் காதில் போட்டார்கள். முழங்காலில் நின்று ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவளே பரலோகத்தில் தன்னோடு இல்லாமல் போய்விடுவாளோ என்று அவர் பயந்தார்.

அந்தச் சமயம் பார்த்து, விசுவாசத்தைப் பற்றி விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்லக் கற்றுத்தரும் வகுப்பு ஒன்றை ஆலயத்தின் பின் அறையில் ஆரம்பித்தார்கள். விசாரிக்கிறவர்களுக்குப் பதில்! அவருக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஞாயிறு மதியம்தோறும் போனார். கடவுள் நல்லவரென்றால் துன்பம் ஏன், இயேசுவின் கல்லறை காலியானதற்கு என்ன ஆதாரம் என்று நோட்டில் சிவப்பு மையில் கேள்வி, நீல மையில் பதில். பழகிப் பார்க்க ஒருவர் நாத்திகராக உட்கார வேண்டும். அந்த வேடம் எப்போதும் வகுப்புக்கு வரும் ஒரு தபால்காரர் தலையில்தான் விழும். நம்மவர் மடக்கிய மடக்கில், "ஐயா, நான் நெஜமாவே விசுவாசிதாங்க, விட்டுடுங்க" என்று அந்த மனிதர் கும்பிட்டே விட்டார். எட்டு மாதத்தில் நம்மவர் அங்கே கொடிகட்டிப் பறந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை அக்காவே போன் செய்து வரச் சொன்னாள். நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். தையல் மிஷின் மேல் காலர் துணிகள் குவிந்து கிடந்தன. மகளின் கட்டிலில் விரிப்புகூட மாற்றப்படவில்லை. அக்கா ஒரு துணியிலிருந்து நூலைப் பிரித்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினாள்.

"தம்பி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். பாப்பா போனதிலேருந்து..."

"தெரியும்க்கா. கடவுள் ஏன் காப்பாத்தலன்னுதானே? துன்பம் இருக்கறதாலேயே கடவுள் இல்லன்னு ஆயிடாது. இப்ப டாக்டர் ஊசி குத்தறாரு. எதுக்குன்னு குழந்தைக்குப் புரியுமா?"

"பாப்பாவுக்கு எத்தனை ஊசி குத்துனாங்கன்னு உனக்குத் தெரியுமாடா?"

"உதாரணத்துக்குச் சொன்னேன்க்கா. இரு, முடிச்சுடறேன்."

மனிதனாகப் பிறந்தவன் அங்கே நிறுத்தியிருப்பான். அவர் நோட்டைப் புரட்டினார். அக்கா இரண்டு தடவை வாயெடுத்தாள். இரண்டு தடவையும் அடுத்த கேள்வி என்று நினைத்து அதற்கும் சேர்த்துப் பதில் சொன்னார். முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. தபால்காரர் இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்.

"முடிஞ்சுதா?" என்றாள் அக்கா.

"முடிஞ்சுது. இப்பக் கேளுக்கா."

"கேள்வி கேக்கவா உன்னைக் கூப்பிட்டேன்? ஒரு உதவி கேக்கக் கூப்பிட்டேன்டா. பாப்பா போனதிலேருந்து எனக்கு ஜெபம் வரமாட்டேங்குது. வாயைத் திறந்தா அழுகைதான் வருது. நீ பக்கத்துல உக்காந்து எனக்காகச் சொல்லு, நான் ஆமென் மட்டும் சொல்லிக்கறேன்னு கேக்கத்தான்."

அவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "அப்ப நீ விசுவாசத்தை விடலையாக்கா?"

"விட்டேன்னு எவன்டா சொன்னான்? அவர்மேல எனக்குக் கோவம். இல்லாதவர்மேல யாராவது கோவப்படுவாங்களா?" அக்கா துணியை மடித்து வைத்தாள். "ஆனா இவ்வளவு நேரம் அவருக்காக நீ வக்கீல் மாதிரி மூச்சுவிடாம பேசினியே, அதைக் கேட்டப்புறம்தான், ஒருவேளை அவர் இல்லவே இல்லையோன்னு மொத தடவையா தோணுது."

அவர் பதறிப்போய்த் தரையில் முழங்கால் போட்டார். நோட்டு எங்கோ விழுந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பவே ஜெபம் பண்றேன்க்கா. கண்ணை மூடிக்கோ."

அக்கா கண்ணை மூடவில்லை.

"யார்கிட்டடா?" என்றாள். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.