இடது பக்கத்துப் பாட்டில்

முட்டை தட்டின் இடது ஓரத்தில் இருந்தது. அவர் வலது பாதியைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "முட்டை எங்க?" என்றார்.

"வச்சிருக்கேனே."

"எங்க வச்ச? ஒரு முட்டைகூட ஒழுங்கா வைக்கத் தெரியல உனக்கு."

அவருக்கு இடப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மனைவி, கன்னத்தில் கையை ஊன்றி வேடிக்கை பார்த்தாள். முட்டை அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவளும் அப்படித்தான். இரண்டையும் அவர் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் முட்டையை எடுத்துத் தானே சாப்பிட்டாள். நன்றாக வெந்திருந்தது.

மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தவர் அவர். கையும் காலும் ஓரளவு திரும்பிவிட்டன. பேச்சு முழுசாகவே திரும்பிவிட்டது, அதுதான் அவளுக்கு வருத்தம். திரும்பாதது உலகத்தின் இடது பாதி. வலது கன்னத்தை மட்டும் சவரம் செய்துகொண்டு வந்து நிற்பார். பேப்பரில் தலைப்பின் பின்பாதியை மட்டும் படித்துவிட்டு, "என்ன எழுதறானுங்க, தலையும் இல்ல வாலும் இல்ல" என்று திட்டுவார். தன்னிடம் ஏதோ குறை இருக்கிறது என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. குறை எப்போதுமே மற்றவர்களிடம்தான்.

குறை கண்டுபிடிப்பதுதான் அவருடைய பிழைப்பாகவே இருந்தது. கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையில் தலைமைச் சோதனையாளர். வெளிச்சத்திரைக்கு முன்னால் வரிசையாக ஓடும் பாட்டில்களில் குமிழி, உருகாத கல்துகள், கீறல் எது இருந்தாலும் பொறுக்கி எடுத்துவிடுவார். தொழிற்சாலை முழுக்க அவருக்குக் 'கழுகு' என்று பெயர். வீட்டுக்கு வந்தாலும் கழுகு கழுகுதான். அலமாரி மேல் விரலை ஓட்டித் தூசியைக் காட்டுவார். துவைத்த சட்டையில் கறையைக் காட்டுவார்.

அவளுக்கும் ஒரு பெயர் இருந்தது. அரைக்கண்ணு. அதை வைத்தவரும் அவர்தான்.

கல்யாணமான புதிதில் இருவரும் ஒரே வெளிச்சத்திரையின் முன்னால் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். தலைமைச் சோதனையாளர் இடம் காலியானது. மேனேஜர் இருவருக்கும் ஒரு தட்டுப் பாட்டில்களைக் கொடுத்து எல்லார் முன்னாலும் பார்க்கச் சொன்னார். கணவர் நல்லது என்று தள்ளிவிட்ட பாட்டில் ஒன்றை அவள் எடுத்துத் தனியாக வைத்தாள். "கழுத்துல கீறல் இருக்கு சார்," என்றாள். முடியை விட மெல்லிய கீறல். சாய்த்துத் திருப்பினால் மட்டும் மினுக்கென்று ஒரு கோடு தெரியும், மறையும்.

அவர் அந்தப் பாட்டிலை வாங்கினார். மேனேஜர் முகத்துக்கு நேராக வெளிச்சத்தில் நீட்டினார். "எங்க சார் கீறல்? பாட்டில்ல இல்ல, இவ கண்ணுல இருக்கு. வீட்லயும் இப்படித்தான், பாதி தெரியும், பாதி தெரியாது. அரைக்கண்ணு சார் இது."

கூடம் முழுக்கச் சிரித்தது. மேனேஜரும் சிரித்தார். அவள் சிரிக்கிற முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதவி அவருக்குப் போனது. கண் சரியில்லாதவளைத் திரை முன்னால் எதற்கு உட்கார வைக்க வேண்டும் என்று அவளைப் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். வேலையை விட்டு நிற்கும்வரை அட்டைப் பெட்டிதான். போகிற வருகிறவர்கள் எல்லாம் "என்ன அரைக்கண்ணு, சௌக்கியமா?" என்பார்கள். சோதனை நடந்த அன்று சாயங்காலம் அந்தப் பாட்டிலை முந்தானையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். துணிப்பெட்டிக்கு அடியில் வைத்தாள். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அவளை அரித்தது பதவி போனது மட்டும் இல்லை. அவர் கீறலைப் பார்த்துவிட்டுப் பொய் சொன்னாரா, இல்லை அவர் கண்ணுக்கே அது தெரியவில்லையா? கேட்டால், "இன்னும் அதையே பிடிச்சுத் தொங்கிட்டிருக்கியா" என்பார். இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் அவளுக்கு அது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அவள் சாகத் தயாராக இல்லை.

மகள்தான் அவர்களை மூளை ஆராய்ச்சி மையத்துக்குக் கூட்டிப் போனாள். வயதான மூளை எப்படிப் பார்க்கிறது என்று அங்கே ஆராய்கிறார்கள், அப்பா மாதிரி ஆட்களுக்குப் பயிற்சியும் தருகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஜன்னல் இல்லாத சின்ன அறை. தாடையை வைத்துக்கொள்ள ஒரு தாங்கி, எதிரே திரை. ஆராய்ச்சிப் பெண் சின்ன வயது, சிரித்த முகம். ஒரு தாளை நீட்டி, கடிகாரம் வரையச் சொன்னாள். அவர் வட்டம் போட்டு, பன்னிரண்டு எண்களையும் வலது பக்கத்திலேயே திணித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சரியா இருக்கா ஐயா?"

"இதுல என்ன தப்பு வரப்போகுது?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். அழுகிறாள் என்று நினைத்து மகள் பின்னாலேயே ஓடினாள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அசிங்கமா இருக்கு. யாராவது பார்க்கப் போறாங்க."

"பார்க்கட்டும்டி. கழுகுக்கு எண்ணெல்லாம் ஒரே பக்கமா ஒதுங்கிப் போச்சு."

பிறகு ஆராய்ச்சிப் பெண் கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்து விளக்கினாள். "ஐயாவோட கண்ணுக்கு ஒண்ணும் இல்லம்மா. கண்ணு முழுப் படத்தையும் அனுப்புது. மூளைதான் இடது பாதியைக் கவனிக்க மாட்டேங்குது. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அதுக்கு மறந்துபோச்சு. அதனாலதான் அவருக்குக் குறையே தெரியல."

"அப்போ பாதிதான் தெரியும்," என்றாள் அவள்.

"அப்படித்தான்மா."

"இதுக்கு எங்க தொழிற்சாலையில ஒரு பேரு உண்டு," என்று கணவரின் வலது காதுப் பக்கமாகச் சொன்னாள். அவர் காதில் விழாத மாதிரி இருந்தார்.

ஒப்பிட்டுப் பார்க்க, பக்கவாதம் வராத அதே வயதுக்காரர்களும் மையத்துக்குத் தேவைப்பட்டார்கள். அவளும் தாங்கியில் தாடையை வைத்தாள். திரையில் மூலைக்கு மூலை புள்ளிகள் மின்னின. தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். எழுந்ததும், "எப்படிப் பண்ணேன்? அவர் காதுல விழற மாதிரி சொல்லு," என்றாள்.

"தனித்தனியா யாருக்கும் சொல்லக் கூடாதும்மா. எல்லார் கணக்கையும் சேர்த்துத்தான் பார்ப்போம்."

இங்கேயும் அவள் கண்ணைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை. பரவாயில்லை, நம் வேலையை நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்தாள்.

அன்றிலிருந்துதான் நாற்காலி நிரந்தரமாக இடது பக்கம் போனது. டிவி ரிமோட், மூக்குக்கண்ணாடி, தண்ணீர் டம்ளர், செருப்பு எல்லாம் இடது பக்கம். வீட்டின் இடது பாதியை அவள் பெருக்குவதை நிறுத்தினாள். அவர் விரல் அந்தத் தூசிக்கு வரவே போவதில்லை. "தாகமா இருக்கு, தண்ணி எங்க?" என்று கத்துவார். "உங்க பக்கத்துலதான் இருக்கு. கழுகுக் கண்ணை வச்சித் தேடுங்க," என்பாள். திட்டிக்கொண்டே தேடுவார். தலையைக் கொஞ்சம் திருப்புவார். இன்னும் கொஞ்சம். ஒருநாள் டம்ளர் கையில் தட்டியது. அவள் அதை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

அடுத்த தடவை மையத்துக்குப் போனபோது, கடிகாரத்தில் ஒன்பது ஒன்பதின் இடத்துக்கு வந்திருந்தது. தாள் முழுக்கச் சிதறிக் கிடந்த கோடுகளை ஒவ்வொன்றாகக் குறுக்கே அடிக்கச் சொன்னதில் இடது பக்கத்தில் பாதியை அடித்திருந்தார். ஆராய்ச்சிப் பெண் கண்ணை விரித்தாள். "வீட்ல என்னம்மா பண்றீங்க?"

மறைக்க அவளுக்கு ஒன்றும் இல்லை. கேட்டதற்கு நேராகவே பதில் சொன்னாள். முட்டை, டம்ளர், ரிமோட், செருப்பு, நாற்காலி, எதையும் விடவில்லை. "தவிக்கட்டும்னுதான் பண்ணேன்," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அந்தப் பெண் அதைத் தமாஷ் என்று எடுத்துக்கொண்டாள். "நாங்க எல்லாருக்கும் இதைத்தான்மா சொல்றோம், யாரும் செய்ய மாட்டாங்க. பாசத்துல எல்லாத்தையும் வலது பக்கமா நகர்த்தி வச்சிடுவாங்க. அப்புறம் மூளை இடது பக்கத்தைத் தேடவே தேடாது. நீங்கதான் ஐயாவைக் குணப்படுத்திட்டிருக்கீங்க."

இத்தனை நாள் அவள் ஆசை ஆசையாகச் செய்த வினை எல்லாம் வைத்தியமாகப் போய்விட்டது. சரி, பாசம்தான் கெடுதல் என்றால் பாசத்தையே காட்டுவோம் என்று முடிவு செய்தாள்.

மறுநாள் காலையில் வீடு தலைகீழாக மாறியது. தட்டில் எல்லாம் வலது பக்கம். ரிமோட் வலது கைக்குள். அவளும் வலது பக்கம் வந்து உட்கார்ந்து, சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டாள். பார்க்க வந்த மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்பத்தான்மா நீ அப்பாவை நல்லா பார்த்துக்கறே."

அப்பாவும் அவளை நல்லாப் பார்த்தார். நாள் முழுக்கப் பார்த்தார். "தலையை வாரலையா?" "சட்டையில இது என்ன சுருக்கம்?" "மேசையில பாரு, எறும்பு." பாதி உலகம் போதும் அவருக்கு, ராஜாவாக இருந்தார். அவளோ வலது பக்கத்தில் வசமாக மாட்டிக்கொண்டு ஓடி ஓடி வேலை செய்தாள். ஒரு மத்தியானம் கையில் துடைப்பத்தோடு நின்றவளுக்கு, தான் செய்துகொண்டிருக்கும் முட்டாள்தனம் உறைத்தது. தன் இடது பக்கம் இருப்பதே தெரியாதவனை என்ன பழி வாங்கினாலும் அவனுக்குத் தெரியப் போவதில்லை. அடி பட்டது அவருக்கே தெரிய வேண்டும். அதற்கு அவருக்கு முழு உலகமும் வேண்டும்.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு நாற்காலியை இடது பக்கம் தூக்கிப் போனாள். இந்தத் தடவை வேடிக்கை பார்க்கவில்லை, வேலை வாங்கினாள். "தலையைத் திருப்புங்க. இன்னும். சுவர் தெரியுதா? சுவர் தெரியற வரைக்கும் திருப்புங்க." சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. "அரைக்கண்ணு எனக்குச் சொல்லிக் குடுக்குது பாரு," என்று முணுமுணுத்தார். "ஆமா, குடுக்குது. திருப்புங்க," என்றாள்.

முன்னேற்றத்தைப் பார்க்க ஆராய்ச்சிப் பெண் வீட்டுக்கே வருவதாகச் சொன்னாள். அவருக்குப் பழக்கமான பொருள் ஏதாவது வைத்துத் தேடச் சொல்லலாம் என்றாள். "இருக்கு. ஒண்ணு பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்," என்றாள் இவள்.

அன்று அவர் சாய்வு நாற்காலியில், மகளும் ஆராய்ச்சிப் பெண்ணும் எதிரே. அவள் துணிப்பெட்டியைத் திறந்து, அவருக்கு வெகு இடதாக ஜன்னல் வெளிச்சம் விழும் மேசையின் ஓரத்தில் பாட்டிலை வைத்தாள்.

"மேசை மேல என்ன இருக்குன்னு பாருங்க ஐயா."

தலை மெதுவாகத் திரும்பியது. மேசையின் நடுவில் நின்றது. தலை இன்னும் திரும்பியது. அவர் கை நீண்டு பாட்டிலை அடியில் பிடித்துத் தூக்கியது. சோதனையாளர்களுக்கு முதல் நாள் பாடமே அதுதான்: பாட்டிலை அடியில் பிடிக்க வேண்டும், கழுத்தில் கை வைக்கக் கூடாது. கூட்டத்தைக் கண்டதும் அவருக்குப் பழைய மிடுக்கு வந்துவிட்டது. சாய்த்தார், திருப்பினார், மறுபடி சாய்த்தார்.

"கழுத்துல கீறல். ரிஜெக்ட்," என்றார். "கண்ணு இருக்கறவன் எவனாவது இதைப் பாஸ் பண்ணுவானா?"

மகள் கை தட்டினாள். ஆராய்ச்சிப் பெண் சிரித்தாள்.

"நீங்கதான் பண்ணீங்க," என்றாள் மனைவி. "மேனேஜர் முன்னாடி."

அவர் பாட்டிலைப் பார்த்தார். இடது பக்கம் அவளைப் பார்த்தார், முழுசாக, தெளிவாக. கைதான் பதில் சொன்னது. அடியில் இருந்த கை மெல்ல மேலே ஏறிக் கழுத்தைப் பிடித்தது. கட்டைவிரல் தானாகப் போய், ஒரு மயிரிழை பிசகாமல், கீறலின் மேல் படிந்தது. பாட்டில் குற்றம் குறை இல்லாமல் பளபளத்தது.

மேனேஜர் முன்னால் நின்ற அன்று அவள் சிரிக்கிற முகங்களைப் பார்த்தாளே தவிர, கீறலை மூடிய விரலைப் பார்க்கவில்லை.

"விரலை எடுங்க," என்றாள்.

"இப்ப எதுக்கு அதெல்லாம்? ஆள் இருக்கறப்போ."

"அன்னிக்கும் ஆள் இருந்தாங்க. எடுங்க."

"என்னம்மா இது, என்ன கீறல்?" என்றாள் மகள்.

"உங்கப்பா சொல்லுவாரு."

அவர் விரலை எடுத்தார். பார்வையைச் சட்டென்று வலது பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கு இப்போது அந்தப் பக்கம் மட்டும்தான் தெரிகிறது என்று யாரும் நம்பப் போவதில்லை. ஆராய்ச்சிப் பெண்ணுக்கு விஷயம் புரியவில்லை. நல்ல முன்னேற்றம், பயிற்சியை விடாமல் தினமும் செய்யுங்கள் என்றாள்.

"தினமும் செய்வோம்," என்றாள் மனைவி. பாட்டிலை வாங்கித் துடைத்து, கீறல் அவர் பக்கம் பார்க்கும்படி திருப்பி, மேசை ஓரத்தில் அதே இடத்திலேயே வைத்தாள். "திருப்புங்க தலையை. உங்க பொண்ணுக்குச் சொல்லுங்க."