இரண்டு பக்கமும் போடுகிற உறைகள்

முன்பெல்லாம் தேர்தல் கூட்டம் என்றால் கட்சிக்காரரே வந்து, "அண்ணா, சேர் அனுப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போவார். இப்போது எல்லாவற்றையும் வெளிக் கம்பெனிகளிடம் கொடுத்துவிடுகிறார்கள். மேடைக்கு ஒன்று, வீடியோவுக்கு ஒன்று, யோசனை சொல்ல ஒன்று. நானோ பெருங்களத்தூரில் சேர் வாடகைக்கு விடுகிறவன், எட்டாவதோடு நின்றவன். அவர்கள் பேச ஆரம்பித்தாலே எனக்குப் பாதி புரியாது.

இந்த முறை பீர்க்கன்கரணை ஏரிக்கரைக் கூட்டத்துக்காக, யோசனைக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தார். "எல்லா சேருக்கும் ஊதா கவர் வேணும்ணா. ட்ரோன்ல மேலேர்ந்து எடுக்கறோம்."

அதற்கு மறுநாளே எதிர்க்கட்சிக் கூட்டம், அதற்கும் என் சேர்தான். அவர்கள் அமர்த்திய கம்பெனி மஞ்சள் உறை கேட்டது. இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். இரண்டு செட் உறை தைக்கக் காசும் இல்லை, நாளும் இல்லை.

தையல் மிஷினில் இருந்த என் மனைவி ஊதாத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "மெல்லிசா கீது. எப்டியும் உள்ள லைனிங் குடுக்கணும். அத்த மஞ்சள்ல குடுத்துட்டா? மறுநாளு திருப்பிப் போட்டுக்கோ."

"யாராச்சும் பாத்துட்டா?"

"ஏன், சேர கவுத்துப் போட்டா ஓட்டு கேக்கப் போறாங்க?"

கூட்டத்தன்று ஜனம் வருவதற்கு முன்பே ஏரிக்காற்று வந்துவிட்டது. உறைகளின் ஓரங்கள் மொத்தமாகத் தூக்கிக்கொண்டன; முன்வரிசை முழுக்க மஞ்சள். நானும் கூட வந்திருந்த என் மனைவியும் ஓடி ஓடி அமுக்கினோம். ஒன்றை அமுக்கினால் நாலு எழும்பியது. நிமிர்ந்தால் எதிரே அந்தப் பெண். போச்சு, இனி இந்தப் பக்கம் எந்தக் கட்சியும் என்னைக் கூப்பிடாது என்று நினைத்தேன்.

ஓர் உறையைத் தூக்கிப் பார்த்தார். "நாளைக்கு அவங்களுக்காண்ணா?"

"ஆமாம்மா."

சிரிக்க ஆரம்பித்தவர் அந்தச் சேரிலேயே உட்கார்ந்துவிட்டார். "போன எலெக்ஷன்ல நான் அந்தப் பக்கம் வேலை பார்த்தேன். இந்த மஞ்சளை அவங்களுக்குச் சொன்னதே நான்தான்!"

பையிலிருந்து பேப்பருக்குப் போடுகிற கிளிப்புகளைக் கொட்டினார். என் மனைவியும் அவரும் நானுமாக ஒவ்வோர் உறையின் ஓரத்தையும் பறக்காதபடி கிளிப் போட்டு இறுக்கினோம். "நாளைக்குக் கழட்டும்போது கிழிச்சுடாதீங்க. அடுத்த தடவை நான் எந்தப் பக்கம்னு எனக்கே தெரியாது."

திரும்பும்போது மினி வேனில் எனக்கு அடுத்த கவலை வந்துவிட்டது. "மூணாவது கட்சி ஒண்ணு பச்சை கேட்டா?"

"வெறும் சேரப் போடு," என்றாள் மனைவி. "முதுவுக்குக் காத்தாவது வரட்டும்."