பெட்டித் தராசில் ஆடிய குட்டிகள்

பீப்.

எடை நின்றுவிட்டது என்று அந்தச் சின்னத் தராசு சொல்கிற சத்தம். இன்று காலையும் அதைத் தொழுவத்து உத்திரத்தில் மாட்டி, கொக்கியில் ஒரு கட்டைப் பையைத் தொங்கவிட்டு, பைக்குள் ஆட்டுக்குட்டியை இறக்கினேன். தலையை வெளியே நீட்டி உலகத்தையே குறைசொல்லிக் கத்தியது. பீப் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விமானத்துக்குப் பெட்டி நிறுக்கிற தராசு அது. அதன் சொந்தக்காரன் கடலுக்கு அப்பால் இருக்கிறான்.

போன மார்கழியில் வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதன். முக்கூடலுக்கு வெளியே என் துண்டு நிலத்தில் நிற்கும் ஆடுகளோடு தன் காசிலும் சில தாயாடுகள் வாங்கிச் சேர்க்கச் சொல்லியிருந்தான். அவை ஈன்ற குட்டிகள்தான் விடுப்பு முழுக்க அவன் பேச்சு.

"இந்தக் குட்டிக தங்கிட்டுன்னா நானும் தங்கிருவேன் வே. அடுத்த வருசம் மொத்தமா வந்துருவேன். இதுக போச்சுன்னா மணல்லயே கெடக்க வேண்டியதுதான்."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அதைக் கேட்ட அவன் உம்மா அன்று எனக்கு ஊற்றிய தேநீரில் சீனி இரண்டு மடங்கு இருந்தது.

வாய்க்காலை அடுத்து ஒரு வயல். கார் நெல் அறுப்பு முடிந்ததும் அதில் கிடை போட்டிருந்தார்கள். வெளியூர் ஆடுகள் ராத்திரியெல்லாம் அடைந்து, புழுக்கையை உரமாக விட்டுப் போன மண். அந்தத் தடவை நடவு இல்லை. மழைக்குப் புல் முட்டிக்கொண்டு வந்து, பச்சை பச்சையாய்ப் பொங்கிக் கிடந்தது. அவனோ வருடக்கணக்கில் மணலையே பார்த்தவன்; பச்சையைக் கண்டால் தாண்டிப் போகத் தெரியாது. விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு நேரே தொழுவத்துக்கு வருவான். வெயில் ஏறுமுன்னே குட்டிகளோடு அந்த வயலில் இறங்கிவிடுவான். பனி சொட்டும் புல்லை அவை கறுக் கறுக்கென்று கடிக்க, இவன் ஈரத்தில் வெறுங்காலோடு நிற்பான்.

"பாரும் வே, சொர்க்கத்தை மேயுதுக!"

பார்த்தேன். எனக்கும் சொர்க்கமாகத்தான் தெரிந்தது.

சில வாரத்தில் அந்தச் சொர்க்கம் தாடையில் வீங்கியது. செவலைக் குட்டிக்குத் தாடைக்கு அடியில் நீர் கோத்த ஒரு சின்னப் பை. மயிர் சிலிர்த்து, மந்தைக்குப் பின்னால் தள்ளாடி வந்தது. மற்றவையும் வாடி நின்றன. தூக்கிக்கொண்டு ஓடினோம்.

கால்நடை மருந்தகத்து டாக்டரம்மா குட்டியின் கீழ் இமையை இழுத்துக் காட்டினார். சிவந்திருக்க வேண்டிய இடம் கஞ்சித் தண்ணியாய் வெளுத்திருந்தது. புழுக்கையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு, "எங்கன விட்டு மேய்க்கிய?" என்றார். சொன்னோம். தலையில் கைவைத்துக்கொண்டார்.

"கிடை போட்ட வயலா! அத்தனை ஆட்டுப் புழு முட்டையும் அங்கனதான கெடக்கும்? பொரிச்சு, பனி ஈரத்துல புல்லு நுனிக்கு ஏறி உக்காந்திருக்கும். விடியக்காலமே கொண்டுபோயி விருந்து வச்சிருக்கிய."

"நல்ல பசும்புல்லு டாக்டரம்மா..." என்று அவன் இழுத்தான்.

"விருந்து குட்டிக்கு இல்ல, புழுவுக்கு. வயித்துல ஒட்டிக்கிட்டு ரத்தத்தை உறிஞ்சுது."

அவன் முகம் குட்டியின் இமையைவிட வெளுத்துப் போனது.

எடைக்குத் தக்க மருந்து, குத்துமதிப்பாக ஊற்றக்கூடாது, குறைந்தால் புழு சாகாமல் பழகிவிடும் என்றார். குட்டி நிறுக்கத் தராசுக்கு எங்கே போவது? அவன் வீட்டுக்கு ஓடி, பெட்டித் தராசும் துணிக்கடைக் கட்டைப் பையுமாக வந்து நின்றான். பின்னாலேயே உம்மாவின் குரல்: "ஏலே, ஆட்டையா பெட்டியில வச்சுக் கொண்டுபோப்போற?"

பீப். "அடுத்த பயணி வாங்க! கொம்பு இல்ல, கைப்பை இல்ல, போலாம்!" வெளுத்த முகத்தோடு அவன் கத்த, நான் ஊசி கழற்றிய சிரிஞ்சைக் கடைவாயில் நுழைத்தேன்.

"தலையை அண்ணாத்தாதேயும் வே, மூச்சுக்குழாய்க்குப் போயிரும். பைய, பைய..."

வெள்ளை மருந்து எங்கள் சட்டையிலும் கோடு போட்டது.

அன்றோடு அந்த வயலுக்கு முழுக்கு. பனி காய்ந்த பிறகுதான் குட்டிகள் வெளியே வரும். பொத்தை என்கிற சிறு குன்றின் அடிவாரத்துக் காய்ந்த தரையில், உடைமரத்துக் காயைப் பொறுக்கித் தின்னும். அவன் நாளுக்கு நாலு தரம் இமையை இழுத்துப் பார்த்தான். வெள்ளை, வெளிர் ரோஸ், ரோஸ். தாடை வற்றியது. பிறகு ஒரு காலை, செவலை பாறைமேல் ஏறி, அங்கிருந்து குனிந்திருந்தவன் முதுகுக்குத் தாவி, முதுகிலிருந்து காற்றில் ஒரு குட்டிக்கரணம் போலத் துள்ளி இறங்கியது. பிடித்து இமையை இழுத்தான்.

"செவந்துட்டு வே! செவந்துட்டு!"

பொத்தை முழுக்கக் கேட்டிருக்கும். மறு சோதனைக்குக் கொண்டுபோன புழுக்கையைப் பார்த்து டாக்டரம்மாவும் சிரித்தார்.

விடுப்பு முடிந்தது. பேருந்து நிறுத்தத்தில் தராசை என் கையில் திணித்தான்.

"உம்ம பெட்டிக்கு எடை பார்க்க வேண்டாமா வே?"

"கூடுனா உம்மா கட்டிக்குடுத்த கருவாட்டை ஏர்போர்ட்டுல வச்சே தின்னு தீத்துருவேன்."

வண்டி நகர்ந்தது. பைக்குள்ளிருந்து குட்டி எட்டிப் பார்ப்பதுபோல் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினான்:

"குட்டி கண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பும் வே, உம்ம மூஞ்சிய அனுப்பாதேயும்! அடுத்த தடவை திரும்பிப் போற டிக்கெட் எடுக்க மாட்டேன், கேட்டீரா?"